கார்முகில் துயரத்தின் நிறமன்று

மனச்சோர்வைப் பற்றி எடுக்கப்படும் அசைவூட்டக் குறும்படங்களுக்கு ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. சாம்பல் நிற அறை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் இளம் உருவம். அதன் தலைக்கு மேல் மட்டும் பொழியும் ஒரு கரிய முகில், அல்லது சுவரில் ஊர்ந்து வளரும் நிழல், அல்லது ஒரு கருப்பு நாய். இரண்டாம் நிமிடத்தில் அந்த உருவம் ஆழ்ந்த நீரில் மெல்ல மூழ்கும். மூன்றாம் நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு கை நீளும். கையைப் பற்றியதும் திரையில் மஞ்சள் பரவும், சன்னல் திறக்கும், பின்னணியில் பியானோ தன் சோக இழையை விட்டு உயர்ந்த சுரத்துக்கு மாறும். கடைசி அட்டையில் ஓர் உதவி எண். கல்லூரிப் போட்டிகளிலும் உலக மனநல நாளையொட்டிய திரையிடல்களிலும் இந்த ஒரே படம் வெவ்வேறு பெயர்களில் ஆண்டுதோறும் பரிசு பெறுகிறது.

இதை எளிமை என்று மன்னித்துவிட முடியாது. இந்த வாய்பாடு நோயைப் பற்றியும் பிழையானதைச் சொல்கிறது. அந்நோய் காணப்படும் மண்ணைப் பற்றியும் பிழையானதைச் சொல்கிறது. அப்பிழையின் விலையைத் தருபவர் படம் எடுத்தவரல்லர். படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இருப்பது இதுவன்று" என்று முடிவுசெய்து எழுந்து போகிறவரே.

உரசிப் பார்க்க ஓர் ஊர் வேண்டுமென்றால் மேல்கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். மைசூருக்கு வடக்கே, இன்றைய மாண்டியா மாவட்டத்தில், யதுகிரி என்னும் குன்றின்மேல் இருக்கும் ஊர். வைணவ மரபில் அதற்குத் திருநாராயணபுரம் என்று பெயர். சுற்றிலும் கன்னடம் வழங்கும் நிலத்தில், தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் தமிழ் பேசிவரும் மண்டயம் ஐயங்கார்களின் ஊர் அது. கல்யாணித் தீர்த்தத்தின் படிகளையும், முற்றுப்பெறாமல் தூண்களாகவே நிற்கும் ராயகோபுரத்தையும் தேடிப் படப்பிடிப்புக் குழுக்கள் வருவது வழக்கம். துயரத்துக்கு ஒரு பின்னணி தேடும் அசைவூட்டக் கலைஞர் அங்கே போனால், நிற்கும் நீரும் உடைந்த கல்லும் அந்தித் தனிமையும் ஆயத்தமாகக் கிடைக்கும். எடுத்துத் தீட்ட வேண்டியதுதான். அவ்வாறு தீட்டப்படும் படம் பொய்யாக முடியும் என்பதற்கு அவ்வூரே சான்று. ஏனெனில் துயரத்தை எப்படி வடிவாக்குவது என்பதை மேல்கோட்டை பல நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறது. அது வடிவாக்கிய துயரங்களில் ஒன்றுகூட மனச்சோர்வன்று.

முதலாவது, தீபாவளி நாளின் இருள். நரக சதுர்த்தசியை மண்டயம் ஐயங்கார்கள் கொண்டாடுவதில்லை. திப்பு சுல்தான் காலத்தில் அந்நாளில் தம் முன்னோர் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர் என்பது அச்சமூகத்தின் நினைவு. கொல்லப்பட்டோர் தொகை பற்றியும் ஆண்டு பற்றியும் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு; அதைத் தீர்ப்பது இங்கு நோக்கமன்று. கவனிக்க வேண்டியது, அத்துக்கத்துக்கு ஒரு திதி இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பகிர்ந்துகொள்ள ஒரு தெரு முழுவதும் இருக்கிறது என்பதே. விளக்கேற்றாமை அங்கே ஒரு செயல்.

இரண்டாவது, துலுக்க நாச்சியார் கதை. தில்லியிலிருந்து இராமாநுசர் மீட்டுவந்த செல்வப்பிள்ளையின் திருவுருவைப் பிரிந்திருக்க முடியாமல் சுல்தானின் மகள் பின்தொடர்ந்து வந்தாள் என்றும், அவ்வடிவின் திருவடியிலேயே கலந்தாள் என்றும் தலவரலாறு கூறும். இராமாநுசரின் காலத்துக்கும் தில்லி சுல்தான்களின் காலத்துக்கும் கணக்கு ஒத்துவராது. கதைக்கு அது தடையாக இருந்ததில்லை. மூன்றாவது, தமர் உகந்த திருமேனி. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே தங்கியிருந்த இராமாநுசர் திருவரங்கத்துக்குத் திரும்பியபோது, பிரிவைத் தாங்க மாட்டாத அடியவர்கள் அவர் உருவை வடித்து வைத்துக்கொண்டனர் என்பது மரபு. இல்லாத ஒருவரின் இடத்தில் இருக்கும் ஒரு வடிவம்: துக்கத்தைக் கலை எதிர்கொள்ளும் முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இம்மூன்றிலும் துயரத்துக்கு ஓர் இலக்கு உண்டு. இழந்தது இன்னது என்று சுட்டலாம். மனச்சோர்வு அங்கேதான் விலகிப் போகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 வரையறையில் ஒன்பது அறிகுறிகள் உள்ளன. அவற்றுள் ஐந்தாவது இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும். அவ்வைந்தில் ஒன்று, தாழ்ந்த மனநிலையாகவோ ஆர்வமும் இன்பமும் அற்றுப் போவதாகவோ இருக்க வேண்டும். அந்த 'அல்லது' என்ற சொல்லைக் குறும்பட இயக்குநர்கள் எவரும் படித்ததாகத் தெரியவில்லை. சோகமே இல்லாமலும் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆட்பட்டிருக்கலாம். அவருக்கு அழுகை வராது; அழ வேண்டும் என்றும் தோன்றாது. பிடித்த சாப்பாட்டின் முன் அமர்ந்திருப்பார், அது பிடித்ததாக இருந்தது என்ற நினைவு மட்டும் இருக்கும்.

இதனால்தான் தமிழ் அழகியல் மரபைக் கையில் எடுக்கும் படைப்பாளிகள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. பிரிவைச் சொல்வதில் தமிழுக்கு இருக்கும் வளம் அளவற்றது. பசலை படர்தல், வளை நெகிழ்தல், உறக்கம் தொலைதல், அன்னமும் கிளியும் தூது போதல் எனச் சங்கப் பாடல்களிலிருந்து ஆழ்வார்களின் நாயகி பாவம் வரை ஒரு பெரும் படிமக் களஞ்சியம் காத்திருக்கிறது. மனச்சோர்வுக்கு 'வேர்களிலிருந்து' ஒரு காட்சிமொழி வேண்டும் என்று கிளம்புகிறவர் முதலில் அள்ளுவது இதைத்தான். ஆனால் பசலை பூத்தவள் விரும்புகிறாள். வேட்கையின் மிகுதியால் மெலிகிறாள். மனச்சோர்வு வேட்கை வற்றிப்போன நிலை. தலைவியின் நெகிழும் வளையைக் கொண்டு அதை வரைவது, காய்ச்சலுக்கு வைத்திருக்கும் அளவுமானியால் குளிரை அளப்பது போன்றது.

முகிலுக்கு வருவோம். தலைக்கு மேல் ஒரு கரிய மேகத்தை வைத்தால் துயரம் என்று பொருள்படும் என்பது எந்த நாட்டு வழக்கு? வெயிலுக்கு ஏங்கும் வட ஐரோப்பியத் தட்பவெப்பத்தில் அது பொருந்தும். முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார். தலைவன் வருவதாகச் சொன்ன காலம் அது. அவன் வரத் தாமதித்தால் முகில் நோகச் செய்யும் என்பது உண்மைதான். அந்நோவும் நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. வைணவம் வழங்கும் ஊரில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அங்கே கார்முகில் என்பது கடவுளின் மேனி. திவ்யப் பிரபந்தம் ஓதப்படும் ஒரு கோயிலின் வாசலில், வறண்ட குன்றின் உச்சியில், ஒரு பாத்திரத்தின் தலைக்கு மேல் கரிய முகிலை வரைந்துவிட்டு இது வேதனை என்று சொன்னால், பார்ப்பவரின் கண் அதை நம்ப மறுக்கும். நாயும் அப்படியே. கருப்பு நாய் என்ற உருவகம் பதினெட்டாம் நூற்றாண்டின் சாமுவேல் ஜான்சனிடம் இருந்தது. பின்னர் சர்ச்சிலின் பெயரோடு ஒட்டிக்கொண்டு உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கருப்பு நாய் பைரவரின் ஊர்தி. சோறு வைத்து வணங்கப்படுவது.

துயரத்துக்கு இம்மண் கொடுத்த ஒளி வேறு. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல், பெரும்பொழுது வேனில். நிழல் காலடியில் சுருங்கிவிடும் நேரம், எல்லாம் வெளுத்துப் போகும் வெளிச்சம். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவிகளைப் பீடித்த சோர்வை எவாக்ரியஸ் நண்பகற் பேய் என்றே விவரித்தார். மனச்சோர்வைப் பற்றி ஆண்ட்ரூ சாலமன் 2001இல் வெளியிட்ட பெருநூலின் தலைப்பும் அதுவே. எகிப்தும் தமிழகமும் வெயிலைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருப்பதில் வியப்பில்லை. பாலையின் உரிப்பொருளாகிய பிரிவை விட்டுவிட்டு அதன் வெளிச்சத்தை மட்டும் ஓர் அசைவூட்டக் கலைஞர் எடுத்துக்கொண்டால், சாம்பல் அறையிலிருந்து ஒரே எட்டில் வெளியே வந்துவிடலாம். நண்பகலில் கல்யாணியின் கற்படிகள் எப்படிக் கூசும் என்பதை வரையட்டும். அதற்குக் கரிய வண்ணம் ஒரு துளிகூடத் தேவைப்படாது.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாளிதழ்களும் திரையிடல் அறிவிப்புகளும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும், மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வுக்கும் மாற்றி மாற்றி வழங்குகின்றன. 'அழுத்தம்' என்றவுடன் வெளியிலிருந்து ஒன்று அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு ஒரு பாறை வேண்டும். பாறையை வரைந்தால் அதை யாரோ தூக்கி எறிய வேண்டும். ஒரு சொல் முழுத் திரைக்கதையையும் எழுதிவிடுகிறது. 'சோர்வு' என்ற சொல் உள்ளிருந்து தளர்வதைக் காட்டுகிறது; அதில் எறிவதற்கு எதுவும் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை முதலான எட்டுக்கு அப்பால் தரப்படும் முப்பத்திரண்டில் துஞ்சல், மடிமை, உயிர்ப்பு, கையாறு என்பன இடம்பெறுகின்றன. உடனே, மனச்சோர்வைத் தொல்காப்பியர் அன்றே கண்டுவிட்டார் என்று பதாகை பிடிக்கக் கிளம்புவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். அவர் நோய்க்குறிப்பு எழுதவில்லை. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் எப்படிப் புலப்படும் என்ற கேள்வியை அவர் கேட்டார், அவ்வளவே. ஆனால் அது அசைவூட்டக் கலையின் கேள்வி. கையாறு என்றால் செயலறுதல். தொடங்கிய செயல் பாதியில் அற்றுப்போகும் ஓர் உடம்பை வரையத் தெரிந்தவருக்கு நாயும் வேண்டாம், முகிலும் வேண்டாம்.

இங்கே எழக்கூடிய மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மாத்யூ ஜான்ஸ்டன் 2005இல் எழுதி வரைந்த நூலை அடியொற்றி, உலக நலவாழ்வு அமைப்பு 2012 அக்டோபரில் வெளியிட்ட கருப்பு நாய்க் குறும்படம் நான்கு நிமிடங்கள் சொச்சம் ஓடுவது. அவ்வாண்டின் உலக மனநல நாளுக்கு மனச்சோர்வே பொருளாக இருந்தது. ஜான்ஸ்டன் தம் சொந்த நோயைத் தம் குரலிலேயே சொல்கிறார். நாய் பெருத்தும் சிறுத்தும் அவருடைய உணவிலும் உறக்கத்திலும் உறவிலும் குறுக்கிடுகிறது; இறுதியில் அடங்கிப் பழகுகிறது, காணாமற்போவதில்லை. அந்தக் கடைசி நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். எண்ணற்றோர் தம் நிலையைப் பிறருக்குச் சொல்ல அப்படம் ஒரு வாய்ப்பைத் தந்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் நோய்க்குத் தாமே தேர்ந்துகொண்ட உருவகத்தின்மேல் எவருக்கும் வழக்கு இல்லை. பிறர் அந்த நாயை இரவல் வாங்கிச் சங்கிலி கட்டித் தம் கல்லூரி வளாகத்தில் நடத்திச் செல்வதுதான் வழக்குக்குரியது.

உருவகம் எவரை விட்டுவிடுகிறது என்பதற்குப் பெங்களூரிலேயே ஒரு சான்று உண்டு. ரகுராம், மிட்செல் வைஸ் முதலானோர் அங்குள்ள மனநலப் புறநோயாளர் எண்பது பேரிடம் நடத்தி, 1996இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. மனச்சோர்வு அறிகுறிகள் கூடக் கூட அவர்கள் உணர்ந்த சமூக இழுக்கும் கூடியது; உடல்சார்ந்த முறையீடுகள் கூடினால் இழுக்கு குறைந்தது. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் திருமணச் சந்தையில் விலை இல்லை. மனம் என்று சொல்லிவிட்டால் உண்டு. ஆகவே தென்னிந்திய நோயாளர் உடம்பின் மொழியில் பேசுவது அறியாமையாலன்று. தற்காப்பு கலந்த அறிவோடுதான். பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. அந்த 85இல் பலர் மருத்துவரிடம் போகாதவர்கள் அல்லர். வேறு எதற்கோ போகிறவர்கள்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மேல்கோட்டை புளியோகரைக்குப் பெயர்பெற்ற ஊர். வருவோருக்கு விற்பதற்காக விடியுமுன் புளிக்காய்ச்சல் கிளறும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர். மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. முன்பு அலாரம் வைத்துத்தான் எழுவார். உப்புப் போட்டோமா என்று நான்கு முறை சுவைத்துப் பார்க்கிறார். சுவை தெரிகிறது, அது சரியா என்று முடிவுக்கு வரத்தான் முடியவில்லை. பேத்தி வந்தால் சிரிக்க வேண்டும் என்று தெரியும், சிரிக்கிறார். வைரமுடி உற்சவத்தில் கூட்டத்தோடு நின்றார், பெருமாளைப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை, அதை எவரிடமும் சொல்லவில்லை, ஏனெனில் அது பாவம் போல் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது முழங்கால் வலி என்பார். பொய் அன்று, முழங்காலும் வலிக்கத்தான் செய்கிறது. அவர் எந்த அறையிலும் சுருண்டு அமரவில்லை. ஒரு நாளும் வேலை நிற்கவில்லை. மேலே சொன்ன வாய்பாட்டுப் படத்தை அவருக்குப் போட்டுக்காட்டினால், பட்டணத்துப் பிள்ளைகளுக்கு என்ன கஷ்டமோ என்று இரக்கப்படுவார்.

இவரை வரைய உருவகம் உதவாது; காலஅளவு உதவும். அசைவூட்டக் கலைக்கு மட்டுமே முழு உரிமையான மூலப்பொருள் அதுதான். நிழற்படக் கருவி நிகழ்வதைப் பதிவுசெய்கிறது; அசைவூட்டத்தில் ஒவ்வொரு அசைவின் நீளத்தையும் யாரோ ஒருவர் எண்ணி முடிவுசெய்தாக வேண்டும். நொடிக்கு 24 பிரேம்கள். வழக்கமாக ஓர் ஓவியத்துக்கு இரண்டு. உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. ஏறக்குறைய ஐந்து பிரேம்கள். மனச்சோர்வில் பேச்சும் அசைவும் மந்தமாகி விடை தாமதப்படும் என்பது மருத்துவர்கள் நேரில் கவனிக்கும் அறிகுறி. அந்தப் பெண்மணியிடம் பேத்தி ஒரு கேள்வி கேட்கிறாள். விடை வர எழுபது பிரேம்கள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. முகில் எதுவும் சூழவில்லை. குழந்தை மட்டும் மறுபடி கேட்கலாமா என்று பார்க்கிறது. அந்த மூன்று நொடிகளில் இருக்கும் உண்மை, மூன்று நிமிட மூழ்கலில் இல்லை.

ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய நூலில் தொகுத்த டிஸ்னியின் பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்று, ஆங்கிலத்தில் ஆன்டிசிபேஷன் எனப்படும் முன்னாயத்தம். கை நீளுமுன் சற்றுப் பின்வாங்கும். குதிக்குமுன் முழங்கால் மடியும். வரப்போவதை உடம்பு முன்கூட்டியே அறிவிக்கும். அச்சொல்லுக்கு எதிர்பார்ப்பு என்ற பொருளும் உண்டு என்பதைக் கலைக்கூடங்களில் யாரும் நின்று யோசிப்பதில்லை. எதிர்பார்ப்பு தேய்ந்துபோன உடம்புதான் மனச்சோர்வின் உடம்பு. கரண்டியை எடுக்கக் கை பின்வாங்குகிறது, பின்வாங்கிய இடத்திலேயே நிற்கிறது, செயல் வரவில்லை. கையாறு. மற்றொரு கோட்பாட்டின்படி பாத்திரம் அசையாமல் நிற்கும்போதும் உயிரற்றுத் தோன்றாதபடி ஒரு நுண்ணசைவை விட்டுவைக்க வேண்டும். எந்த அளவில் விட்டுவைப்பது என்பதுதான் இத்தகைய படத்தின் முழு அறமும். முற்றிலும் எடுத்துவிட்டால் அவர் பிணமாகிவிடுவார், அது பொய். வழக்கம்போல் விட்டால் நலமாகிவிடுவார், அதுவும் பொய்.

இதெல்லாம் மாணவர்களுக்குத் தெரியாததன்று. முதலாம் ஆண்டிலேயே பந்து குதிக்கும் பயிற்சியோடு கற்பிக்கப்படுகிறது. பிறகு ஏன் நாயும் முகிலும்? இரண்டு காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இறுதியாண்டுப் படம் கலைப்படைப்பாக மட்டும் இருப்பதில்லை. அது வேலைதேடும் மாதிரிச் சுருள். ஓர் உருவம் நீராகி, நீர் பறவையாகி, பறவை ஒளியாகும் உருமாற்றங்கள் ஆசிரியரின் திறனை இருபது நொடியில் காட்டிவிடும். எழுபது பிரேம்கள் அசையாத ஒரு முகம் காட்டாது. பார்ப்பவர் கணினி நின்றுவிட்டதென்று எண்ணக்கூடும். சோர்வைப் பற்றிய படம் சுறுசுறுப்பின் விளம்பரமாக இருக்க வேண்டிய கட்டாயத்தை மாணவர்மேல் மட்டும் சுமத்த முடியாது.

மற்றொன்று வரலாறு சார்ந்தது. இந்தியாவில் அசைவூட்டக் குறும்படம் அரசின் செய்திப்படமாக வளர்ந்தது. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் கேலிச்சித்திரப் பிரிவுக்கு, 1950களின் நடுவில் டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் பயிற்சி அளித்தார். 'பான்யன் டீர்' அப்பயிற்சியின் விளைவு. 1974இல் வந்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்தது. ஒற்றுமை, குடும்ப நலம், தூய்மை எனப் பொருள் மாறினாலும் அமைப்பு மாறவில்லை: சிக்கல் ஒன்று, தீர்வு ஒன்று, முடிவில் ஒரு வாசகம். பறவைகள் ஒன்றுகூடி வலையைத் தூக்கினால் வேடன் தோற்பான். மனச்சோர்வை அந்த வலையாகக் கொண்டுபோய்ப் பொருத்தினால், தூக்க முடியாதவர் ஒற்றுமையாக முயலவில்லை என்று ஆகிவிடும். போட்டி அறிவிப்புகளில் 'சமூகத்துக்கு என்ன செய்தி' என்ற கட்டம் இருக்கும்வரை, ஒவ்வொரு படத்திலும் அந்தக் கை எங்கிருந்தாவது நீண்டுகொண்டுதான் இருக்கும்.

இந்தியாவிலிருந்து எதிர்நின்று பேசும் படம் ஒன்றும் இல்லாமல் இல்லை. கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டெட் ரெயின்போ' 2006இல் கான் திரைவிழாவின் விமர்சகர் வாரத்தில் மூன்று பரிசுகளைப் பெற்றது. நகர அடுக்ககத்தில் பூனையோடு தனித்து வாழும் மூதாட்டி. அவர் சேர்த்துவைத்திருக்கும் தீப்பெட்டிப் படங்கள். அவற்றுக்குள் நுழைந்தால் விரியும் உலகங்கள். கையால் தீட்டப்பட்ட அப்படத்தில் வீடு சாம்பல், தீப்பெட்டிகள் வண்ணம். வாய்பாட்டின் அதே சாம்பலும் வண்ணமும்தானே என்று கேட்கலாம். வேறுபாடு பெரிது. ராவ் வரைந்தது தனிமையை. அம்மூதாட்டியிடம் வேட்கை வற்றவில்லை. தீப்பெட்டியைத் திறக்கும் விரலில் அது தெரிகிறது. வண்ணத்தை அவருக்கு வெளியாள் எவரும் கொண்டுவந்து தரவில்லை. தனிமைக்குப் பொருந்திய அந்த இலக்கணத்தை மனச்சோர்வுக்குப் பெயர்த்தெடுப்பது தவறு: தீப்பெட்டியைத் திறந்தாலும் உள்ளே வெறும் குச்சிகளே இருப்பதுதான் மனச்சோர்வு. பிக்ஸாரின் 'இன்சைட் அவுட்' (2015) முழுநீளப் படமாயினும் இந்த நுட்பத்தை ஓரிடத்தில் தொட்டது: சிறுமியின் உள்ளத்தை இயக்கும் பலகை வெளிறிப்போய் உணர்வுகளின் கைக்கு இசையாமல் நிற்கிறது. சில நிமிடங்களில் அது சரியாகிவிடுவது வணிகத்தின் அவசரம்.

எவருடைய குரல் என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. மருத்துவ உளவியல் பயின்று திரைத்துறைக்கு வந்த ஆண்டி கிளின், 2003இல் பிரிட்டனில் 'அனிமேட்டட் மைண்ட்ஸ்' வரிசையைத் தொடங்கியபோது, மனநோய் கண்டவர்களின் ஒலிப்பதிவை முதலில் வைத்து, படத்தை அதற்கு ஏற்ப அமைத்தார். கிறிஸ் லாண்ட்ரெத்தின் 'ரையான்' (2004), கனடிய அசைவூட்டக் கலைஞர் ரையான் லார்க்கினின் சரிவை அவர் குரலிலிருந்தே எடுத்தது. குடியை விடுங்கள் என்று அறிவுரை சொல்லும் இயக்குநர்மேல் லார்க்கின் சீறும் இடத்தையும் அது மறைக்கவில்லை. உதவ நீளும் கையைப் பாத்திரம் தட்டிவிடும் காட்சியை வைக்கத் துணிந்த படம் அது. தமிழிலோ கன்னடத்திலோ ஒலிப்பதிவிலிருந்து தொடங்கினால் முதலில் கேட்கப்போவது 'நெஞ்சு அடைக்கிறது', 'கை கால் ஓயவில்லை, ஓய்ந்தும் கிடக்கவில்லை' என்பன போன்ற உடம்பின் சொற்களாகவே இருக்கும். அவற்றை மனம் என்று மொழிபெயர்க்காமல் அப்படியே வரைவதற்கு அடக்கம் வேண்டும்.

முடிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கை நீளாத படங்கள் பெரும்பாலும் மாடி விளிம்பில் முடிகின்றன. அவற்றுக்குத் துணிச்சலான படம் என்று பெயர் கிடைக்கிறது. தற்கொலையைத் திரையில் காட்டுவது பற்றி உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் படைப்பாளிகளுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டி, வழிமுறையைக் காட்டுவதையும் அழகுபடுத்துவதையும் தவிர்க்கச் சொல்கிறது. நடுவர் குழுக்கள் அதை வாசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

கடைசி அட்டையில் வரும் எண்ணுக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண், பெரும்பாலான இப்படங்களில் உண்மையாகப் பயன்படும் ஒரே பிரேம். ஆனால் அந்த எண்ணை எவர் அழைப்பார்? திரையில் தம்மைக் கண்டவரே அழைப்பார். புளிக்காய்ச்சல் கிளறும் பெண்மணி முழங்கால் வலிக்காகச் சுகாதார நிலையத்தில் அமர்ந்திருக்கிறார். மருத்துவர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பேத்திக்கு எடுத்துக்கொண்ட அதே நேரம் இங்கும் ஆகிறது. மருத்துவர் அடுத்த சீட்டை எடுக்காமல் காத்திருக்கிறார். எண்ணை அங்கே, அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிவைத்தால் போதும். தனி அட்டை வேண்டாம்.